ஒருமுறை பெற்றவருக்கு மறுமுறை உண்டா?

பங்கீடு என்னும் சொல் வியாபாரிகளாகிய நமக்குப் புதியதன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்ட காலத்தில் இவ்வூரில் அரிசியும் சர்க்கரையும் பங்கீட்டில்தான் கிடைத்தன என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தன் பங்கை வாங்கிப் பையை வீட்டில் வைத்துவிட்டு, ஒருவன் மறுபடியும் வந்து வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். கந்தூரிச் சோற்றிலும் இதே கதைதான். முதற் பந்தியில் உண்டவர், வெளியே பசியோடு நிற்பவரைத் தள்ளிக்கொண்டு இரண்டாம் பந்தியிலும் அமர்வாரானால் அவரைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது நமக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு பங்கு. எல்லோருக்கும் கிடைத்தபின் மிச்சமிருந்தால்தான் மறுபங்கு. இது நம் ரத்தத்தில் ஊறிய நியாயம்.

இந்த நியாயத்தை உயிர் விஷயத்துக்கும் அப்படியே கொண்டுபோகலாமா என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. நுரையீரல் கெட்டுப்போன நோயாளிக்கு, இறந்த ஒருவரின் நுரையீரலை எடுத்துவைத்துப் பிழைக்கச் செய்யும் வைத்தியம் இன்று உண்டு. சில ஆண்டுகள் சென்றபின் வைத்த நுரையீரலும் பழுதாகிவிடுகிறது. இன்னொன்று வைத்தால் அவர் மீண்டும் பிழைக்கலாம். ஆனால் ஒருமுறையேனும் கிடைக்காதா என்று காத்திருப்போர் வேறு பலர் இருக்கிறார்கள். காத்திருக்கும்போதே மவுத்தாகிப் போகிறவர்களும் உண்டு. அப்படியிருக்க, ஒருமுறை பெற்றவருக்கு மறுமுறையும் கொடுப்பது நியாயமா?

"இது டாக்டர்கள் விஷயம்; கடைக்காரருக்கு இதில் என்ன வேலை?" என்று வாசகர் கேட்கலாம். அறுப்பதும் தைப்பதும் டாக்டர்கள் வேலை என்பது சரியே. ஆனால் யாருக்கு என்ன ஹக்கு உண்டு என்பது, தராசு பிடிக்கிற ஒவ்வொருவனும் யோசிக்கவேண்டிய விஷயம். மேலும் அந்த நுரையீரல் எந்தத் தொழிற்சாலையிலும் செய்யப்படுவதில்லை. நம்மைப் போன்றோர் வீடுகளில் இறந்துபோகிறவர்களிடமிருந்துதான் அது வரவேண்டும். சரக்கு நம் வீட்டிலிருந்து போகிறபோது, அது எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை அறிந்துகொள்ளும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

வைத்தியம் வந்த வழி

மனிதருக்கு மனிதர் நுரையீரலை முதன்முதலில் மாற்றிவைத்தவர் அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்து டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி அது நடந்தது. பெற்றவர் ஒரு சிறைக்கைதி. 18 நாட்களே உயிரோடிருந்தார். அதற்குப்பின் இருபது ஆண்டுகள் பல இடங்களில் முயன்றும் எதுவும் நிலைக்கவில்லை. 1983இல் கனடா நாட்டு டொரோண்டோ நகரில் டாக்டர் ஜோயல் கூப்பர் செய்த சிகிச்சையில்தான் நோயாளி ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்நிய உறுப்பை உடல் எதிர்க்காதபடி அடக்கிவைக்கும் புதிய மருந்துகள் அப்போது வந்திருந்தன. நமது சிங்கப்பூரில் முதல் நுரையீரல் மாற்று சிகிச்சை 2000ஆம் ஆண்டில் தேசிய இருதய நிலையத்தில் நடைபெற்றது. தமிழ்நாட்டில் 1999ஆம் ஆண்டிலேயே சென்னையில் டாக்டர் கே. எம். செரியன் இருதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து மாற்றி வைத்தார். இன்று சென்னை இவ்வைத்தியத்தில் பேர்பெற்ற ஊர்.

இருதயம், சிறுநீரகம் ஆகியவற்றைவிட நுரையீரல் நொய்மையானது. மற்ற உறுப்புகள் உடம்புக்குள் மூடிக் கிடக்கின்றன. நுரையீரலோ ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்றை உள்ளே வாங்குகிறது. அதோடு தூசியும் கிருமியும் சேர்ந்தே வருகின்றன. ஆகையால் மருந்து எவ்வளவு கொடுத்தாலும் உடல் அதை மெல்ல மெல்லத் தள்ளத் தொடங்குகிறது. மாற்று நுரையீரல் பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் இந்த நீடித்த எதிர்ப்பு தலைகாட்டிவிடுகிறது. உள்ளே இருக்கும் நுண்ணிய மூச்சுக் குழல்கள் தழும்பு கட்டி அடைபட்டுப் போகின்றன. பெற்றவர்களில் பாதிப்பேர் ஆறு ஏழு ஆண்டுகள் வரை வாழ்கிறார்கள் என்பது உலகளாவிய கணக்கு.

கிடைப்பதும் சொற்பம். மூளை செத்து, இயந்திரத்தின் உதவியால் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் உறுப்புகள் எடுக்கப்படுகின்றன. அப்படிக் கொடுக்க முன்வருவோர் ஐந்து பேரில் ஏறக்குறைய ஒருவருடைய நுரையீரல்தான் தேறும். மற்றவருடையது விபத்திலோ, நிமோனியாவிலோ, இயந்திர மூச்சிலோ கெட்டிருக்கும். தேறியதையும் பனிக்கட்டியில் வைத்து ஆறு மணி நேரம் அளவில் பொருத்திவிடவேண்டும். அழுகும் காய்கறியை விற்கிறவனுக்குத் தெரியும், நேரம் என்பது எத்தனை கண்டிப்பான முதலாளி என்பது!

ஓர் அபூர்வ வியாதி

நமது கேள்வி கூர்மையாவது அபூர்வ நோயாளிகள் விஷயத்தில். லிம்ஃபான்ஜியோலியோமயோமடோஸிஸ் என்று வாயில் நுழையாத பெயருடைய வியாதி ஒன்று உண்டு. டாக்டர்கள் சுருக்கமாக லாம் என்பார்கள். பத்து இலட்சம் பெண்களில் ஒரு சிலருக்கே இது வருகிறது. ஏறக்குறைய எல்லோரும் பெண்கள்; அதிலும் பிள்ளை பெறும் வயதினர். தசையணுவைப் போன்ற ஒருவகை அணு நுரையீரலில் முளைத்துப் பரவி, நல்ல சதையை அரித்து, எங்கும் குமிழி குமிழியாகப் பொத்தல் போட்டுவிடுகிறது. படியேறினால் மூச்சு வாங்கும். ஆஸ்துமா என்றெண்ணி ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. ஒருநாள் குமிழி வெடித்து நுரையீரல் சுருங்கிப்போகும். அப்போதுதான் உண்மை தெரியவரும்.

இவ்வியாதிக்கு இப்போது சிரோலிமஸ் என்னும் மருந்து உபயோகப்படுகிறது. இதன் கதை விசித்திரமானது. 1964இல் பசிபிக் மாகடலில் தன்னந்தனியாகக் கிடக்கும் ராப்பா நூயி தீவுக்குப் போன ஒரு கூட்டத்தார் எடுத்துவந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது இது. முதலில் மாற்று உறுப்பை உடல் எதிர்க்காதிருக்கக் கொடுத்தார்கள். பின்னர் லாம் வியாதியின் ஓட்டத்தையும் இது தடுக்கிறது என்று 2011இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. 2015இல் அமெரிக்க அரசாங்கம் அந்நோய்க்கு இதை அங்கீகரித்தது. மருந்து நோயைத் தடுத்து நிறுத்துமேயன்றி, போன நுரையீரலைத் திருப்பித் தராது. முற்றிய நோய்க்கு மாற்று நுரையீரல்தான் வழி. அறுவைக்கு முன்னர் இந்த மருந்தை நிறுத்தவும் வேண்டும். மூச்சுக்குழாயை இணைத்த தையல் ஆறாமல் இது கெடுத்துவிடும்.

லாம் நோயாளிகள் மற்ற நுரையீரல் நோயாளிகளைவிட வயதில் இளையவர்கள். ஆகவே மாற்று நுரையீரல் பெற்றபின் மற்றவரைவிட நீண்டநாள் வாழ்கிறார்கள். அந்த நற்பேறே பிறகு சங்கடமாகிவிடுகிறது. நீண்டநாள் வாழ்வதால், வைத்த நுரையீரல் பழுதாகும் நாளையும் அவர்கள் காண்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் மறுபடியும் பிராணவாயுக் குழாய் மூக்கில் ஏறுகிறது. நோயணு புதிய நுரையீரலுக்குள்ளும் போய்ச் சேருவதுண்டு. ஆனால் பெரும்பாலும் நுரையீரலைக் கெடுப்பது உடலின் எதிர்ப்பேயன்றிப் பழைய வியாதியன்று. ஆகையால், "வியாதி திரும்பவும் வரத்தானே போகிறது, எத்தனை கொடுத்தாலும் ஓட்டைப் பாத்திரம்தானே" என்று சொல்வது பொருந்தாது.

'கூடாது' என்பார் வாதம்

மறுமுறை கூடாது என்பவர்களை இரக்கமில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் சொல்வதில் கனம் இருக்கிறது. தெம்பனிஸில் நம் கடை முன்பு இரண்டு நண்பர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார்: "பாய், இரண்டு வீட்டில் பிள்ளைகள் அழுகிறார்கள். ஒரு வீட்டில் தாய்க்கு ஏற்கனவே எட்டு ஆண்டு கிடைத்தது. இன்னொரு வீட்டில் எட்டு நாள்கூட உத்தரவாதமில்லை. நீங்கள் யாருக்குக் கொடுப்பீர்கள்?" உடனே பதில் சொல்லக்கூடிய கேள்வியா இது?

பலன் என்று பார்த்தாலும் அவர்கள் பக்கம் சான்று இருக்கிறது. இரண்டாம் முறை அறுப்பது கடினம். முதல் அறுவையின் தழும்பால் நுரையீரல் நெஞ்சுக் கூட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிக்கும்போது ரத்தம் பெருகும். பல ஆண்டுகள் உட்கொண்ட மருந்தினால் சிறுநீரகம் களைத்திருக்கும். இரண்டாம் முறை பெற்றவர்கள் முதல்முறை பெற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்கிறார்கள் என்பது பொதுக் கணக்கு. உலகில் பெரியவர்களுக்குச் செய்யப்படும் நுரையீரல் மாற்று சிகிச்சைகளில் நூற்றுக்கு நான்கைந்தே மறுமுறை செய்யப்படுபவை. டாக்டர்களும் இதில் கையை இறுக்கித்தான் பிடிக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும்.

ஸகாத்தில் ஒரு பாடம்

ஆயினும் "ஆளுக்கு ஒன்று" என்னும் அந்த அடிப்படை நியாயம் இங்கே செல்லுமா என்று நிதானித்துப் பார்க்கவேண்டும். பங்கீட்டு அரிசியில் அது ஏன் செல்கிறது? வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே பசி. வாங்கிப் போனவன் வீட்டில் அரிசி இருக்கிறது. இருக்கிறவன் மறுபடி வந்தால் அது பேராசை. நுரையீரல் பழுதான நோயாளியின் வீட்டில் என்ன இருக்கிறது? எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கியது தீர்ந்துபோயிற்று. அவர் நிரம்பிய பையோடு வரிசைக்கு வரவில்லை. வெறுங்கையோடுதான் வந்து நிற்கிறார்.

நமக்குப் பழக்கமான வேறொரு பங்கீட்டை எண்ணிப்பாருங்கள். சென்ற ஆண்டு ஸகாத்து பெற்ற ஒருவர் இந்த ஆண்டும் ஏழையாகவே இருக்கிறார். "உனக்குப் போன ரமளானில் கொடுத்தாயிற்று, இனி இல்லை" என்று நாம் சொல்வதுண்டா? ஸகாத்து பெறும் தகுதி, அவர் முன்னர் எவ்வளவு வாங்கினார் என்பதைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. இன்று அவர் நிலை என்ன என்பதே கேள்வி. கடை தீப்பிடித்துக் கடனாளியான வியாபாரிக்கு ஒருமுறை உதவினோம். மறுபடி வெள்ளம் வந்து கடையை அடித்துக்கொண்டு போனால், முன்பு உதவியது அவர்மீது குற்றமாகிவிடுமா? வாங்கியது கடனுமன்று, குற்றமுமன்று. ஆதலின் ஒருமுறை பெற்றார் என்பதற்காக மட்டும் கதவை மூடுவது நம் மார்க்கத்து நியாயத்துக்கும் ஒத்துவரவில்லை. பொது நியாயத்துக்கும் ஒத்துவரவில்லை.

ஆனால் இந்த உவமையோடு நின்றுவிட்டால் நாம் கணக்கை முடிக்காமல் பேரேட்டை மூடியவர்களாவோம். ஸகாத்துப் பணத்தைப் பத்துப் பேருக்குப் பிரிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாவது கிடைக்கும். நுரையீரலை அப்படிப் பிரித்து எல்லோருக்கும் கொடுக்க முடியாது. இவருக்குக் கொடுத்தால் அவருக்கு இல்லை. அந்த "இல்லை" சில சமயம் ஜனாஸாவாக முடிகிறது. ஆகையால் ஹக்கு உண்டு என்று நிரூபித்தால் மட்டும் போதாது. யாருக்கு முந்திய ஹக்கு என்றும் பார்க்கவேண்டும்.

கப்பலும் பலகையும்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் அல்முஸ்தஸ்ஃபா என்னும் தமது நூலில் ஒரு கப்பலைப் பற்றிப் பேசுகிறார்கள். கப்பல் மூழ்கப் போகிறது; ஒருவரைக் கடலில் எறிந்தால் மற்றவர்கள் பிழைப்பார்கள். எறியலாமா? கூடாது என்பது இமாம் அவர்களின் முடிவு. பலருக்கு இலாபம் என்பதற்காக ஓர் உயிரை நஷ்டக் கணக்கில் எழுதிவிட முடியாது. மாற்று நுரையீரல் வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மருந்தை நிறுத்தி, அந்தச் செலவில் வேறு நால்வருக்குச் சிகிச்சை செய்யலாம் என்று யாரேனும் கணக்குப் போட்டால் அது இந்தக் கப்பல் கணக்கு, கூடாது.

நமது விஷயம் அதற்கு முழுதும் ஒத்ததன்று. இங்கே யாரையும் கப்பலிலிருந்து தள்ளவில்லை. இரண்டு பேர் தண்ணீரில் தத்தளிக்கிறார்கள். ஒரே பலகை மிதந்து வருகிறது. பலகை இன்னும் யாருடையதுமன்று. அதை வீசுகிறவன் என்ன பார்ப்பான்? யார் இந்தக் கணமே மூழ்கப் போகிறார் என்று பார்ப்பான். பலகையைப் பற்றிக்கொண்டு கரைசேர யாருக்குத் தெம்பு இருக்கிறது என்றும் பார்ப்பான். இவ்விரண்டையும் சேர்த்து நிறுப்பதே நியாயமான நிறுவை என்று தோன்றுகிறது.

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுவரை, யார் பட்டியலில் நீண்டநாள் காத்திருந்தாரோ அவருக்கே நுரையீரல் என்று பெரும்பாலும் வைத்திருந்தார்கள். மெதுவாக முற்றும் வியாதிக்காரர் காத்திருந்து பெற்றார். வேகமாக முற்றும் வியாதிக்காரர் காத்திருந்து இறந்தார். அதனால் 2005இல் முறையை மாற்றினார்கள். நுரையீரல் இல்லாவிட்டால் எவ்வளவு நாள் தாங்குவார், வைத்தால் எவ்வளவு நாள் வாழ்வார் என்னும் இரண்டையும் கணித்து மதிப்பெண் இட்டார்கள். கவனிக்கவேண்டிய விஷயம், மறுமுறை கேட்டு வருபவரையும் இதே தராசில்தான் நிறுத்தார்கள். "நீ முன்பே வாங்கினவன்" என்று மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அவர் உடல்நிலை என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. 2023இல் அம்முறையும் திருத்தப்பட்டது. ஆயினும் அவசரம், பலன் என்னும் இரண்டு எடைக்கற்களும் அப்படியே இருக்கின்றன.

இப்படி நிறுக்கும்போது "மறுமுறை" என்னும் ஒரே சொல்லுக்குள் பலவிதமான நோயாளிகள் இருப்பதைக் காணலாம். முதல் நுரையீரல் வைத்த சில வாரங்களிலேயே அது வேலைசெய்யாமல் போய், இயந்திரத்தில் கிடக்கிறார் ஒருவர். அவருக்கு உடனே இன்னொன்று வைத்தால் பலன் மிகக் குறைவு என்பது டாக்டர்கள் அனுபவம். பல ஆண்டுகள் நன்றாக வாழ்ந்து, மூச்சுக்குழல் மெதுவாக அடைபட்டு, சிறுநீரகம் கெடாமல், நடமாடிக்கொண்டிருக்கும் இளம்பெண் வேறொருவர். அவருக்குக் கிடைக்கும் பலன் முதல்முறை பெறும் சிலருக்குக் கிடைப்பதைவிடக் குறைந்ததென்று சொல்ல முடியாது. இருவருக்கும் ஒரே சீட்டு ஒட்டி ஒரே கதவை மூடுவது, அழுகிய தக்காளியையும் நல்ல தக்காளியையும் ஒரே கூடையில் கொட்டித் தள்ளுவது போலாகும்.

பின்வாசல் வியாபாரம்

கதவை மூடுவது ஒரு தவறென்றால், பின்வாசலைத் திறந்துவைப்பது மற்றொரு தவறு. சரக்குத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வாடிக்கைக்காரருக்கென்று கல்லாவுக்கு அடியில் எடுத்துவைக்கும் பழக்கம் வியாபாரிகளுக்குத் தெரியாததன்று. எட்டு ஆண்டுகள் தம் கையில் வளர்ந்த நோயாளி முகத்தைப் பார்க்கும் டாக்டருக்கு, "இவரை எப்படியாவது காப்பாற்றவேண்டும், இத்தனை பாடுபட்டோமே" என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது மனித இயல்பு, அதில் பழியில்லை. ஆனால் முகம் தெரிந்தவருக்காக முகம் தெரியாதவரைப் பின்தள்ளுவது அநீதி. பட்டியலில் வெறும் எண்ணாக இருப்பவருக்கும் ஓர் உம்மா இருக்கிறாள். நோயாளியை வளர்த்த டாக்டர் ஒருவரே தீர்ப்பும் சொல்லாமல், பலர் கூடி முடிவு செய்யும் முறை இதனால்தான் அவசியமாகிறது.

பணமும் ஒரு பின்வாசல்தான். 2018ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வெளிநாட்டார் பலருக்கு இருதயமும் நுரையீரலும் போய்ச் சேர்ந்தன என்று பெரிய சர்ச்சை எழுந்தது. உள்நாட்டு நோயாளி யாருக்கும் பொருந்தாதபோதே வெளிநாட்டாருக்கு என்பது விதி. விதி சரியாக நடந்ததா என்பதுதான் கேள்வியாயிற்று. சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகும் பழக்கமுள்ள நம்மவர்கள் இதை நினைவில் வைத்திருக்கவேண்டும். சிகிச்சைக்குப் பணம் கட்டுவது வேறு. வரிசையை விலைக்கு வாங்குவது வேறு. முன்னது ஹலால். பின்னது பிறர் உயிரைக் கொள்முதல் செய்வது.

சரி, இரண்டு பேருக்கும் ஒரே அவசரம், ஒரே பலன், நூலிழை வித்தியாசமில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது யாருக்கு? கடை முன்பு நண்பர் கேட்ட கேள்விக்கு நம் பதில் இதுதான்: அப்போது, ஒருமுறையும் பெறாதவருக்கே கொடுக்கலாம். தராசு இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறபோது ஒரு கடுகு விழுந்தாலும் தட்டு சாய்ந்துவிடும். "முன்பு பெற்றவர்" என்பது அந்தக் கடுகு. எடை சமமில்லாதபோது கடுகைத் தூக்கி எடைக்கல் என்று வைப்பதுதான் தவறு. உயிருள்ள மனிதர் இருவர் எல்லா விதத்திலும் சமமாக வந்து நிற்பது அபூர்வம் என்பதையும் மறக்கக்கூடாது.

வரிசையை நீளமாக்கியது யார்?

இதுவரை பங்கிடுவதைப் பற்றியே பேசினோம். பங்கிடும் சரக்கு ஏன் இத்தனை குறைவு என்று கேட்டால், கேள்வி டாக்டரை விட்டு நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. மறுப்புத் தெரிவிக்காதவர் இறந்தால் உறுப்பை எடுக்கலாம் என்பது அதன் சாரம். முதலில் சிறுநீரகம் மட்டுமே. 2004இல் ஈரல், இருதயம், கண்ணின் கருவிழிப் படலம் ஆகியவையும் சேர்ந்தன. முஸ்லிம்கள் தொடக்கத்தில் அச்சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தார்கள். 1973இல் உறுப்பு தானம் கூடாது என்றிருந்த முயிஸ் ஃபத்வா, 1986இல் சிறுநீரகத்துக்கு இடம் கொடுத்தது. 2007இல் முஸ்லிம்களும் சட்டத்துக்குள் வரலாம் என்று ஃபத்வாக் குழுவினர் முடிவு கூறினர். 2008 ஆகஸ்ட் முதல் 21 வயது நிறைந்த முஸ்லிம்களுக்கும் சட்டம் செல்லலாயிற்று. மறுப்பு எழுதிக் கொடுத்தவர், தமக்கு அந்த உறுப்புத் தேவைப்படும்போது வரிசையில் பின்னுக்குப் போவார் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. கொடுக்க மனமில்லாதவர் பெறுவதில் முந்தக்கூடாது என்பது நியாயந்தானே?

ஆனால் அச்சட்டத்தில் நுரையீரல் இல்லை. சட்டம் சொல்லும் உறுப்புகள் நான்கே. நுரையீரலைக் கொடுக்க விரும்புகிறவர் 1972ஆம் ஆண்டின் வேறொரு மருத்துவச் சட்டத்தின்கீழ், 18 வயதுக்குமேல், தாமாகவே உறுதிமொழி எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதாமல் இறந்தால் குடும்பத்தார் சம்மதிக்கவேண்டும். வாயைத் திறக்காதிருந்தால் சிறுநீரகம் போகும், நுரையீரல் போகாது. நம்மில் பலர் "சட்டத்தில்தான் இருக்கிறோமே" என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். நுரையீரலைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரியன்று. மார்க்க விஷயத்தில் ஐயமுள்ளவர்கள் முயிஸிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். கேட்காமலே "கூடாதாம்" என்று சொல்லித் திரிவது எவருக்கும் அழகன்று.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஹிதேந்திரன் என்னும் 15 வயதுப் பையன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். டாக்டர்களான பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுத்தார்கள். போலீஸார் போக்குவரத்தை ஒதுக்கிக் கொடுக்க, அவன் இருதயம் சென்னைத் தெருக்களில் விரைந்துபோய் ஒரு சிறுமிக்கு வைக்கப்பட்டது. அந்த ஒரு குடும்பத்தின் செயலைக் கண்டபின் தமிழ்நாட்டில் கொடுக்க முன்வந்தோர் பெருகினார்கள். அவர்களில் பெரும்பாலோர் சட்டம் படித்தவர்களல்லர். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததைப் பார்த்துக் கொடுத்தவர்கள்.

மூளைச்சாவு என்று டாக்டர் வந்து சொல்லும் அந்த இரவில் யோசிக்க யாருக்கும் நேரமிராது. நெஞ்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்; உடம்பு சூடாக இருக்கும். "வாப்பா என்ன நினைத்திருப்பார்?" என்று பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். முன்னரே பேசியிருந்தால் பதில் இருக்கும். பேசாதிருந்தால் பெரும்பாலும் "வேண்டாம்" என்பதே பதிலாக வரும். ஆகையால் பேசவேண்டியது இப்போதுதான். கடை அடைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காரும் நேரம் போதும். மனைவியிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும் நம் எண்ணம் இன்னதென்று சொல்லிவிடவேண்டும். கொடுப்பதில்லை என்பது முடிவானாலும், தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும்.

கொடுக்கும் குடும்பம், "பெறுகிறவர் யார்? முதல்முறையா, இரண்டாம் முறையா?" என்று கேட்கவேண்டியதில்லை. நம் உடல் நமக்கு அமானத்தாக வந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தில், அதில் ஒரு பகுதி இன்னொருவருக்குச் சில ஆண்டு மூச்சாகுமானால் அது நஷ்டமாகாது. நிறுத்துக் கொடுக்கும் வேலை டாக்டர்களுடையது. அவர்கள் நேர்மையாக நிறுக்கிறார்களா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் பந்திக்கு ஒரு பிடி அரிசியும் கொடுக்காதவன், இரண்டாம் முறை உண்டவனைப் பார்த்து முகம் சுளிப்பது முறையாகுமா? முதலில் உலையில் அரிசி ஏறட்டும். அரிசி ஏறினால், ஒருமுறையும் உண்ணாதவருக்கும் இலை விழும். மறுபடியும் பசித்து வந்தவருக்கும் விழும்.